கருவேல நெற்றின் மேல் விழுந்த பழி

டாக்டர் ராமலிங்கம் தவறிவிட்டார் என்று கீரனூரிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் சொன்னபோது, நான் ஒரு காளைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். முழுக்கப் புகட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே திட்டியிருப்பார்.

எங்கள் சமஸ்தானம் சுதந்திர நாட்டோடு இணைந்த வருஷம் அன்னவாசல் மாட்டாஸ்பத்திரிக்கு அவர் டாக்டராகவும் நான் கம்பவுண்டராகவும் வந்து சேர்ந்தோம். அவரை அறிந்தவர்களுக்கு அவர் சைக்கிளில் தொங்கிய காக்கிப் பை நினைவிருக்கும். பை நிறையக் கருவேல நெற்று, மரத்திலேயே காய்ந்து உதிர்ந்த காய்கள். மழை பொய்த்த வருஷங்களில் கடலைப் பிண்ணாக்கு கண்ணில் படாது. கண்மாய்க்குள் உதிர்ந்து கிடக்கும் நெற்றைக் காயவைத்து இடித்து, வைக்கோலோடு இரண்டு கை வைத்தால் மாடு தேறும் என்று ஊர் ஊராகச் சொன்னார். சொல்வதற்கு முன் ஒரு துணுக்கைத் தானே மெல்லுவார். "நம்ம வாயில வைக்காதத மாட்டு வாயில வைக்கக் கூடாதுங்க" என்பார். ஆடு தின்பதை டாக்டர் தின்கிறாரே என்று சிரித்தவர்களே பிறகு சாக்குச் சாக்காகப் பொறுக்கினார்கள்.

ஒரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பக்கத்து ஊரில் ஒரு பசு செத்துக் கிடந்தது. அந்த வீட்டு மருமகள் சீராகக் கொண்டுவந்த பசு. அவள் அப்போது நிறைமாதம். நெற்றுத்தான் கொன்றது என்றது ஊர். டாக்டர் வயிற்றை அறுத்தார். புளித்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே கொள்ளாத அளவு பொங்கல் சோறு. மாடு அளவு மீறிச் சோறு தின்றால் வயிறு புளித்து விழுந்துவிடும். பண்டிகைப் பாசத்தில் அள்ளி அள்ளி ஊட்டியது யார் என்பது கதவோரம் நின்ற மருமகளின் முகத்திலேயே தெரிந்தது.

"உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டாள் மாமியார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "நெத்துதான் ஆத்தா. நான் சொல்லிக் குடுத்த அளவு தப்பாப் போச்சு" என்றார்.

அவர் கையில் தண்ணீர் ஊற்றியவன் நான்.

அன்றோடு நெற்றுப் பொறுக்குவது நின்றது. அந்தக் கோடையில் தீனியில்லாமல் எத்தனையோ மாடுகள் சந்தைக்குப் போயின. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பழி சொன்னா நெத்துக்கு வலிக்காதுங்க" என்றார். அவருக்கு வலித்தது. அந்தக் காக்கிப் பையை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

கீரனூரில் துக்கத்துக்குப் போனபோது அந்த மருமகள் வந்திருந்தாள். என்னைத் தனியே அழைத்தாள். "சோறு வச்சது நான்தாங்கய்யா. டாக்டரய்யாவுக்கும் தெரியும். எங்க மாமியாரும் போய்ச் சேந்துட்டாக. இனி மறைக்க வேணாம், நாலு பேருக்குச் சொல்லிடுங்க" என்றாள். அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இப்போதும் துணிச்சல் வந்திருக்காது.

இன்று காலை என் வீட்டுப் பசுவுக்கு நெற்று இடித்தேன். வைப்பதற்கு முன் ஒரு துணுக்கை நான் மென்றேன். துவர்ப்பு தொண்டையை விட்டு இறங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.