மாம்பழம் உறைந்த மத்தியானம்

நெருப்புக்காய்ச்சல் விட்டு மூன்று கிழமையாகியும் என் சின்னவள் சாப்பிடவில்லை. அவளுக்கு அப்போது நாலு வயது. கஞ்சியை ஊட்டினால் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, நான் திரும்பிய நேரம் பார்த்துத் துப்பிவிடுவாள். முற்றம் முழுதும் ஓடித்திரிந்த பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். கதைப்பதும் குறைந்துவிட்டது.

என் கணவரின் தங்கை எங்களோடு புத்தூரில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம். விடுதியில் இருந்து படித்த காலத்தில், வெள்ளைக்கார ஆசிரியை ஒருத்தி பழச்சாற்றைக் கல்லுப்போல உறைய வைத்ததைக் கண்டிருக்கிறாள்.

"மச்சாள், ஒருக்கால் செய்து பாப்பமே? குளிர்ந்த சாமான் எண்டால் உவள் வாய் திறப்பாள்."

"காய்ச்சல் கிடந்த பிள்ளை. தடிமன் பிடிச்சால் ஆர் பாக்கிறது?" என்றேன்.

அவள் விடவில்லை. வைத்தியரிடமே போய்க் கேட்டு வந்தாள். காய்ச்சின பாலும் சுத்தமான பழமும் என்றால் கொஞ்சம் கொடுக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஐஸுக்கு என் கணவரைப் பிடித்தோம். அவருக்கு யாழ்ப்பாணம் ரயில் ஸ்டேசனில் வேலை. கொழும்பிலிருந்து வரும் கோச்சியில் ஐஸ் வந்து இறங்கும். ஒரு சனிக்கிழமை அவர் மரத்தூளும் சாக்கும் சுற்றிய கட்டியொன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது.

"அரைவாசி என்ரை மடியிலை கரைஞ்சு போச்சு. கெதியாய்ச் செய்யுங்கோ," என்றார்.

சாக்கைப் பிரித்தோம். எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. ஆனி மாத வெயிலில், கண்ணாடிபோல, தன்னைச் சுற்றி வெள்ளை ஆவி விட்டுக்கொண்டு அது கிடந்தது. தொடுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. மூத்தவன்தான் முதலில் விரலை வைத்தான். வைத்த வேகத்தில் இழுத்துத் தன் சட்டையில் துடைத்தான்.

எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைப் பிசைந்து, துணியில் வடித்து, சீனியும் பாலும் கலந்து மூடியுள்ள தகரப்பேணி ஒன்றில் ஊற்றினோம். மச்சாள் ஐஸை உலக்கையால் உடைத்து, பேணியைச் சுற்றி வாளிக்குள் நிரப்பினாள். பிறகு ஒரு சுண்டு கல்லுப்பை அள்ளி அதன்மேல் தூவினாள். நான் பதறிப்போனேன்.

"என்ன செய்யிறியள்? உப்புப் போட்டால் கரைஞ்செல்லோ போம்!"

"கரையத்தான் வேணும், மச்சாள். அது கரையேக்கை பழத்தின்ரை சூட்டை இழுக்கும். பாத்துக்கொண்டிருங்கோ."

கரைவதால் ஒன்று உறையுமா? அவளுக்குப் பைத்தியம் என்றே நினைத்தேன். ஆனாலும் மாறிமாறிப் பேணியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினோம். கை மரத்துப்போனது. வாளியின் வெளிப்பக்கம் முதலில் வியர்த்தது; பிறகு அந்த வியர்வையே மெல்லிய வெள்ளைத் தோலாகப் படிந்தது. நகத்தால் சுரண்டினேன். மாப்போல உதிர்ந்தது.

வாளிக்குள் ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. திரும்பிப் பார்த்தால், சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நிற்கிறாள். பாயிலிருந்து தானாக எழும்பி வந்திருக்கிறாள். மெல்ல நடந்து வந்து, குந்தியிருந்து, வாளியருகே காதை வைத்தாள்.

"அம்மா, உள்ளுக்கை ஆரோ கதைக்கினம்."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் எங்களிடம் முழுதாகச் சொன்ன பேச்சு அது. மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை. உன்னைத்தான் கூப்பிடுகினம்."

முக்கால் மணித்தியாலம் கழித்து, உப்புத்தண்ணீர் உள்ளே விழாமல் மூடியை நன்றாகத் துடைத்துத் திறந்தோம். மஞ்சள் சாறு இருந்த இடத்தில் மஞ்சள் மணல் குவிந்ததுபோல ஒன்று இருந்தது. கரண்டியை நட்டேன், விழாமல் நின்றது. பிள்ளைகளோடு நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல என் கணவர்கூட எழுந்து நின்றார்.

சின்னவளின் வாயில் ஒரு நுனி வைத்தேன். கண்ணை இறுக மூடினாள். தோள் இரண்டும் காதுவரை எழுந்தன. துப்பப் போகிறாள் என்று கையை நீட்டினேன். விழுங்கிவிட்டு, வெறும் வாயைத் திறந்து காட்டினாள்.

"எங்கை போச்சுது?"

"வயித்துக்கை."

"அப்ப இன்னும் தாங்கோ."

நாலு கரண்டி சாப்பிட்டாள். தமையன் தன் பங்கில் பாதியைக் கொடுக்க வந்தான். பயத்தில் நான்தான் மறித்தேன். அன்று பின்னேரம் அரைக் கிண்ணம் கஞ்சியை ஒதுக்காமல் குடித்தாள். தடிமன் வரவில்லை. ஒரு கிழமைக்குள் முற்றத்துக்கு இறங்கிவிட்டாள்.

அந்த மாம்பழக் காலத்தில் இன்னும் இரண்டு முறை செய்தோம். இரண்டு முறையும் மூடி திறக்கும் நேரம், பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வாளிக்கு மிகக் கிட்ட இருந்தவள் நான்தான்.