எங்கள் ஜிம்மி கன்னத்தில் போட்டுக்கொண்ட கதை

போன கிருத்திகையன்று எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. கல்யாணமா? இல்லை. வளைகாப்பா? அதுவும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் நாயைத் தரிசனம் செய்ய வந்தவர்கள்!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

ஜிம்மி ஒன்றும் சீமை நாய் இல்லை. தெரு நாய்தான். திருப்போரூருக்கு நாங்கள் குடிவந்த அன்றே சமையற்கட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆகாரத்தில் அதற்கு ஆசாரம் எல்லாம் கிடையாது. கோவளத்திலிருந்து மீன்கூடை சுமந்து வரும் அஞ்சலை தெருமுனையில் குரல் கொடுத்தால் போதும் — எங்களுக்கு முன்னால் அது போய் நிற்கும். அவள் கூடையிலிருந்து கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஓடி, அவள் வாயால் அது வாங்காத திட்டே இல்லை.

அப்பேர்ப்பட்ட ஜிம்மி, அதற்கு முந்தின கிருத்திகையன்று சாப்பிடவில்லை. காலையில் வைத்த பொறை ரொட்டியை முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயரானவர். உத்தியோகத்தில் இருந்தபோது எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாராம். இப்போது எதைக் காட்டினாலும் அதில் முருகன் அருளைக் கண்டுபிடிக்கிறார்.

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுதாம்மா? கிருத்திகை! நாய் விரதம் இருக்குது!"

'சும்மா இருங்க ஐயா' என்று சொல்லியிருக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவரோ, "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. நன்றாகக் குழைந்த பொங்கல். ஒரு உருண்டை வைத்தேன். ஜிம்மி மெதுவாக நக்கி நக்கிச் சாப்பிட்டது.

"பாத்தீங்களா! பிரசாதத்த மட்டும் எப்பிடிச் சாப்புடுது பாத்தீங்களா!" என்று சிரஸ்தார் ஐயா மதிலுக்கு மேல் எம்பிக் குதித்தார்.

மறுநாள் அஞ்சலை வந்தாள். ஜிம்மி எழுந்திருக்கவில்லை. அவளுக்கே பொறுக்கவில்லை, தானாக ஒரு கருவாட்டை எடுத்து நீட்டினாள். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னாம்மா இது? சாமியாரா பூட்சா? எப்படா திருடவரும்னு பாத்துகினே கீறேன்..." என்றாள். சண்டை போட ஆள் இல்லாமல் போன வருத்தம் அவள் குரலில் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் சாயரட்சை மணி அடிக்கிறது. முற்றத்தில் படுத்திருந்த ஜிம்மி முன்னங்காலைத் தூக்கி, கன்னத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்தது. இன்னொரு தேய்ப்பு. மறுபடியும்...

"கன்னத்துல போட்டுக்குது! நாய் கன்னத்துல போட்டுக்குது!"

சிரஸ்தார் ஐயாவின் குரல் சன்னிதித் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை. தாழம்பூ என்ன, விபூதி என்ன, கழுத்தில் மாலை என்ன! என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் சூப்பிரண்டு குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். நாயைப் பெற்றவர்போல இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

ஜிம்மிக்கு வாயில் எச்சில் ஒழுகியது. பரவசம் என்றார்கள். இடது கண்ணில் நீர் வடிந்தது — ஆனந்தக் கண்ணீராம். சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே சாப்பிட்டது. அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது, நான் மறந்துவிட்டேன். எனக்குத் தாங்க முடியாமல் போனது நாற்றம்தான். பக்கத்தில் வந்து மூச்சு விட்டால் குடலைப் பிடுங்கும். அதைக் கேட்டேன்.

"விரதம் இருக்கிற வாய் நாறத்தாம்மா செய்யும்" என்றார் சிரஸ்தார் ஐயா.

சட்டென்று முந்தானையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். நானும் விரதம் இருக்கிறவள்தானே!

ஆனால் மாலைக்கு அடியில் விலா எலும்பு தெரிந்தது. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன் போலிருக்கிறது. கும்பிட வந்தவர்கள் யாரும் அதன் வயிற்றைப் பார்க்கவில்லை. எனக்கு ராத்திரியில் சோறு இறங்கவில்லை. இது செத்துப் போய்விடும்... மாலையும் கழுத்துமாகச் செத்துப் போய்விடும் என்று பயமாக இருந்தது.

போன கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு, பானையிலிருந்து ஜில்லென்று தண்ணீர் மொண்டு வைத்தேன். ஒரு வாய் நக்கியதுதான் தாமதம், 'வீல்' என்று கத்திக்கொண்டு மூலைக்கு ஓடியது. பின்னாலேயே போய் மெதுவாகக் கன்னத்தைத் தொட்டேன். கண்ணுக்குக் கீழே, விபூதிப் பூச்சுக்கு அடியில், எலுமிச்சங்காய் மாதிரி வீக்கம். அனலாகச் சுட்டது. கையைக் கடிக்கவில்லை. என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு முனகியது.

பெரியவன் பிறந்த வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானபோது நான் எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். ஒரு பக்கமாக மெல்லுவேன். கன்னத்திலிருந்து கையை எடுக்கவே மாட்டேன். என்னை யாரும் பக்தை என்று சொல்லவில்லையே!

"இதுக்குப் பல்வலிங்க" என்றேன்.

"நாய்க்குப் பல்வலியா? யாராச்சும் கேள்விப்பட்டிருக்காங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்தான். சந்தையில் மாடு பிடிக்கப் போனால் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டோம். விலை கொடுத்து வாங்காத நாயின் வாயை யார் திறந்து பார்க்கிறார்கள்?

மறுநாள் காலை ஜிம்மிக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சிரஸ்தார் ஐயா குறுக்கே வந்து நின்றார்.

"விரதத்தக் கலைச்சா தெய்வக் குத்தம்மா!"

"குத்தம் என் தலைமேல வரட்டும் ஐயா. வழிய விடுங்க."

செங்கற்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். "நாய்க்கெல்லாம் எடமில்லம்மா, எறங்கு." இறங்கப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ, "அண்ணாத்த, அது கிருத்திகை நாயிப்பா!" என்று கத்தினார். அவ்வளவுதான்! கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜிம்மிக்கு முன் சீட்டு. எனக்கு இடமில்லை, செங்கற்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் இளவயசுக்காரர். பின்னங்கால் வீங்கிய எருமை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்தார். ஜிம்மியின் உதட்டைத் தூக்கினார். அவரே ஒரு அடி பின்வாங்கினார்.

"பின் பல்லு பொளந்து சீழ் வெச்சிருக்கு. கண்ணு வரைக்கும் ஏறியிருக்கு பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பட்டினியிலேயே போயிருக்கும். இத்தனை நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

"வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு சொல்லிச் சொல்லியே யாரும் வாயப் பாக்கறதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசி போட்டார். ஆட்கள் பிடித்துக்கொள்ள, பல்லைப் பிடுங்கினார். நான் வெளியே வேப்பமரத்தடியில் அந்த எருமையோடு நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

கொஞ்ச நாள் கஞ்சியும் குழைந்த சோறும். வீக்கம் வடிந்தது. நாற்றம் போயிற்று. கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் கெட்டியாக எதைக் கொடுத்தாலும் யோசித்தது. இனி பழைய ஜிம்மி வராதோ என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது எனக்கு.

நேற்றுக் காலை தெருமுனையில் அஞ்சலையின் குரல் கேட்டது. படுத்திருந்த ஜிம்மி காதைத் தூக்கியது. அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம்! நான் வாசலுக்கு ஓடுவதற்குள், வாய் நிறையக் கருவாட்டோடு அது திரும்பி வருகிறது. பின்னாலேயே கூடையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை.

"அய்ய, எழவெடுத்த நாயே! உனக்கு நல்ல சாவே வராதா!" என்று வைகிறாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ கண் நிறைந்துவிட்டது. அவள் பெரிய மீனாக இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜிம்மி முற்றத்தில் உட்கார்ந்து, கருவாட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் 'கறுக் முறுக்' என்று கடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சிரஸ்தார் ஐயா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயோ பாவம், விரதம் கலைந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா... அந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரு... மனுசங்களுக்கும் பாப்பாரா?"

"ஏன் ஐயா, சாப்பிட முடியலையா?"

"சாப்புடறதெங்கம்மா? ரொம்ப நாளா தெனமும் விரதந்தானே இருக்கறேன்."