கம்பு தின்ன மைனா

ஏங்கண்ணு, மைனாவப் போட்டோ புடிச்சமா போனமான்னு இல்லாம, ஆத்தா எதுக்குக் கண்ணத் தொடைக்கறேன்னு உனக்கென்ன போலீசு விசாரணை?

அப்ப நான் சின்னப்புள்ள. எங்கய்யன் பல்லடத்துல இருந்து போட்டோக்காரரக் கூட்டியாந்தாரு, காச்சல்ல கெடந்த என் தங்கச்சியப் படம் புடிக்க. அவ ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில உக்காந்து மைனாவுக்குக் கம்பு எறைச்சுட்டு இருந்தா. அவரு கறுப்புத்துணிக்குள்ள தலைய உட்டதுதான் தாமசம், எங்கம்மா ஓடியாந்து, "படம் புடிச்சா ஆயுசு கொறையுமுங்க"ன்னு அவளத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள போயிருச்சு. வந்த மனுசன் சும்மா போவாரா? கம்பு தின்னுட்டிருந்த மைனாவப் படம் எடுத்துப்போட்டாரு.

மைனா நல்லாத்தான் இருந்துச்சு. தங்கச்சி அந்த மாசமே போயிட்டா.

புள்ள மொகத்தப் படத்துலயாவது பாக்கலாம்னு பக்கத்தூட்டுக்காரங்க வந்தாங்க. மைனாப் படத்த நீட்டி எங்கம்மா சொல்லுச்சு: "இந்தக் கம்பு எம்புள்ள எறைச்சதுங்க. இப்பத்தான் எந்திரிச்சு உள்ள போனா."