ஏழாவது கன்னிமார் கல்

தொண்ணூறுகளில் எனக்குக் கோயமுத்தூரில் ஒரு மில்லில் உத்தியோகம். லீவு நாளில் கல் பொறுக்கும் பைத்தியம். காந்திபுரத்தில் பஸ் ஏறிக் காங்கயம் பக்கத்துக் காடுகளில் அலைந்து, அலமாரி நிறையச் சேர்த்திருந்தேன். ஐயோலைட் என்கிற நீலக்கல் மட்டும் அகப்படவில்லை. ஒரு பக்கமிருந்து பார்த்தால் மை நீலம், திருப்பிப் பிடித்தால் வைக்கோல் ஊறின தண்ணீர் நிறம். அதுதான் அதற்கு அடையாளம். கடையில் வாங்கலாம்தான். ஆனால் மண்ணில் என் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஓர் ஆடிப் பதினெட்டுக்கு மச்சான் தோட்டத்துக்குப் போனோம். என் மனைவியின் அண்ணன் அவர். கிணற்று மேட்டில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசிக் கன்னிமார் என்று கும்பிடுவார்கள். மச்சானின் மனைவி குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பழைய மஞ்சளைக் கழுவினாள். ஆறு கருங்கல். ஏழாவது நீலமாக இருந்தது. கிட்டே போனேன்.

“அம்மணி, இந்தக் கல்லு ஏது?”

“போன வருசம் கெணத்த ஆழம் வெட்டறப்ப வந்துதுங்ண்ணா. இது வந்தப்பறந்தான் ஊத்துக்கண்ணு தொறந்துது. இங்க ஒரு கல்லு ஒடஞ்சு கெடந்துதுங்க, அந்த எடத்துல நட்டுப்போட்டோம்.”

கீறிப் பார்த்தால் கண்ணாடியா கல்லா என்று தெரிந்துவிடும். பேனாக்கத்தியை எடுத்தேன். மனைவி முறைத்தாள்.

“சாமியப் போய்ச் சொரண்டுவீங்களா? மானத்த வாங்காதீங்க.”

திருப்பிப் பார்க்கலாமென்றால், நட்ட சாமியைப் பிடுங்கவா முடியும்? சே என்றாகிவிட்டது. கல் திரும்பாவிட்டால் என்ன, நான் திரும்பலாமே என்று அப்புறம்தான் உறைத்தது. குனிந்தபடி சுற்றி வந்தேன். கிழக்கே நின்றால் நீலம். தெற்கே வர வர நீலம் வடிந்து வெளிறின மஞ்சள். மேற்கே போனால் மறுபடி நீலம். கண்ணாடியென்றால் எல்லாப் பக்கமும் ஒரே நிறம்தான். நம்ப முடியாமல் இன்னொரு சுற்றும் சுற்றினேன். கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் நான்.

“மாப்ளைக்குப் பக்தி வந்துபோட்டுதாட்ட இருக்குது” என்று மச்சான் சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷமாகத் தேடினது இதுதான் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

“அதுக்கென்னங்க மாப்ள, எடுத்துக்குங்க. வேற கல்லு நட்டுக்கலாம்.”

கை தானாகவே கல்லுக்குப் போய்விட்டது. ஜில்லென்று இருந்தது.

அம்மணி மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். ஆறு கல்லுக்கும் மஞ்சள் பூசி முடித்தாள். ஏழாவதன் முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. கிண்ணத்து மஞ்சளையே குழைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் அப்போது பாதிக் கிணறுகள் வறண்டு கிடந்தன.

கையை எடுத்துக்கொண்டேன்.

“பூசு அம்மணி.”

இரண்டு கையாலும் அள்ளி அப்பினாள். கண்ணெதிரே நீலம் மறைந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் கண்டுபிடித்தது நான்தானே? அந்தச் சந்தோஷத்தில், அன்றைக்குப் பொங்கலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.