குடை மடங்கும்போது

ஆயுசில் பாதியைத் தியேட்டருக்குள்ளேயே கழித்த மனிதர் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். சிலருக்குத் தலையெழுத்து அப்படி.

வாசலில் டிக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருட்டில் டார்ச் அடித்து, ஆட்களை நாற்காலி வரை கொண்டுபோய் விடுகிற வேலை அவருக்கு. அப்பா அம்மா ஆசையாய் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை டார்ச் விழுங்கிவிட்டது. முதலாளியிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வரை எல்லாருக்கும் அவர் ‘டார்ச்’தான். வயதில் சின்னவர்களுக்கு ‘டார்ச்சண்ணன்’. அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

படம் முடிகிற நேரத்தில் அவருக்கு வேறு ஜோலி. வெளியே போகிற கதவு திரைக்குப் பக்கத்தில், திரையை ஒட்டினாற்போல இருந்தது. கடைசிக் காட்சி தொடங்கியதும் அங்கே போய்த் தாழ்ப்பாளை விலக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் எப்போதோ கதவு திறக்கத் தாமதமாகி, கூட்டம் நெருக்கியடித்து ஒரு குழந்தைக்குக் கை ஒடிந்துவிட்டதாம். அன்றிலிருந்து மேனேஜர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எமன்.

“டிக்கெட்ட கிழிக்க மறந்தாலும் பரவால்லய்யா. கதவ மறந்தே, அப்படியே வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராத” என்பார்.

அந்தக் கதவடியில் நின்று திரையை எட்டிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு மண்ணும் தெரியாது. தெரிவதெல்லாம் எதிரே வரிசை வரிசையாய் உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் முகங்கள். வேறு வழியில்லாமல் அவர் அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அதுவே பழகிவிட்டது. முகங்களைப் பார்த்தே படம் எப்படி முடிந்தது என்று ஒரு மாதிரி கண்டுபிடித்துவிடுவார். கலர்ப் படம் ஓடினால் அந்த முகங்கள் ஒரு நேரம் சிவப்பு, ஒரு நேரம் பச்சை என்று மாறி மாறி, பார்க்கவே சகிக்காது. கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போதுதான் எல்லாரும் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்த மாதிரி இருப்பார்கள். கண்ணோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தியேட்டரில் ஒரு பழைய காதல் படம் அடிக்கடி ஓடும். அதற்கும் என்னமோ அழகான பேர் உண்டு. ஆனால் ஊரே அதைக் ‘குடைப்படம்’ என்றுதான் சொல்லும். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருத்தனைத் தன் குடைக்குள் கூப்பிடுகிறாள். அங்கே ஆரம்பிக்கிறது வம்பு. அவன் வேலைக்காகத் தொலைதூரம் போகிறான். அவனுக்கு வேறு கல்யாணம் ஆகிவிட்டது என்று யாரோ இவளிடம் பொய் சொல்கிறார்கள். இவள் நம்பவில்லை. கடைசியில் ஒரு பாலத்தின் மேல் மழைக்குள் அதே குடையோடு வந்து நிற்கிறாள். மழை விடுகிறது. குடையை மடக்குகிறாள்.

நம் டார்ச்சுக்கு அந்தப் படம் அதோடு சரி. அவள் குடையை மடக்கினால் இவர் கதவுக்குக் கிளம்ப வேண்டும். அதுதான் அடையாளம். அதற்கப்புறம் அவன் வந்தானா, வரவில்லையா, செத்தானா, பிழைத்தானா, சத்தியமாக அவருக்குத் தெரியாது. முகங்களை வைத்தும் சொல்ல முடியவில்லை. பாதிப் பேர் அழுவார்கள், அழுகிறவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே அழுவார்கள். இப்படி ஒரு முடிவை எவன்தான் எடுத்தானோ!

புதுப்படம் ஊத்திக்கொள்கிற போதெல்லாம் மேனேஜர் அந்தப் படப்பெட்டியைத்தான் வரவழைப்பார். “வசூல் ஒழுகுதுய்யா, குடைய விரி” என்பார். விரித்தால் போதும், கூட்டம் வந்துவிடும். அந்தப் படம் வந்தபோது பிறக்காதவர்கள்கூட வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி சட்டைக் கம்பெனியில் காஜா பட்டன் வேலை பார்த்தவள். வாரம் முழுக்கச் சட்டைகளுக்குத் துளை தைத்து, பட்டன் வைத்து, லீவு நாள் மத்தியானம் தவறாமல் வந்து நிற்பாள். எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் மட்டும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த காட்சிக்குக் கூட்டிப் பெருக்க வேண்டாமா? டார்ச் போய் நாற்காலி முதுகில் மெல்லத் தட்டுவார்.

“ஏம்மா, படம் முடிஞ்சிருச்சு. எழுந்திரிங்க.”

“இருங்க. இன்னும் ஒரு நிமிஷம்.”

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுதான். ஒரு நாள் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. கடைசியில அவன் வர்றானா, இல்லையா?”

அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இங்கயே வேலை பார்க்கிறீங்க, தெரியாதா?”

கதவு விஷயத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் உட்கார்ந்து நீங்களே பாருங்க.”

அந்தச் சிரிப்பில் மனுஷர் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வருஷம் கல்யாணம். ஒற்றை அறை வீடு ஒன்றில் குடித்தனம். பிறகு ஒரு மகள்.

கல்யாணம் ஆன பிறகும் அவள் முடிவைச் சொல்லவில்லை. வீம்பு. சோறு போடும்போது கேட்பார், தலை வாரும்போது கேட்பார். “வந்து பக்கத்துல உட்கார்ந்து பாருங்க” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. இன்னொரு சண்டையும் அவர்களுக்குள் ஓயாமல் நடந்தது. அந்தக் குடை சிவப்புக் குடை என்பாள் அவள்.

“உனக்கு எப்படித் தெரியும்? கறுப்பாத்தானே தெரியுது?”

“கறுப்பு வெள்ளையில எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். அதுக்காக அது கறுப்பா? கலர்ப் படம்னா அவங்க குடுக்கிற கலரை வாங்கிட்டு வரணும். இதுல நானே போட்டுக்கலாம். நாள் பூரா வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை நூல் கோக்கிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.”

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, அடுத்த மழைக்கு அவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார். கறுப்புக் குடை. அவள் வாங்கி ஆணியில் மாட்டினாள். ஆம்பளைகளுக்குச் சில விஷயம் மண்டையில் ஏறவே ஏறாது.

ஒரே ஒரு தடவை லீவு போட்டார். கல்யாண நாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவள் இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். இடைவேளை தாண்டியது. பொய் சொன்னவர்கள் பொய் சொல்லி முடித்தார்கள். பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்போது பார்த்தா மேனேஜர் நடைபாதையில் வந்து குனிய வேண்டும்?

“டார்ச்சு, மாத்து ஆள் வயித்து வலின்னு போயிட்டான்யா. கதவுக்கு ஆள் இல்ல. நீ கொஞ்சம்...”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். “போயிட்டு வாங்க” என்றாள். அவர் போய்விட்டார். கதவடியிலிருந்து அவள் முகத்தைத் தேடினார். அன்றைக்கு அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைக்கும்போதுதான் சொன்னாள். “படத்த நான் நூறு தடவ பார்த்தாச்சு. எனக்குப் படமாங்க முக்கியம்? அது முடியும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் கேட்டேன்.”

“அடுத்த தடவை கண்டிப்பா” என்றார். அதற்கப்புறம் எத்தனை அடுத்த தடவை! ஒவ்வொன்றிலும் அவர் கதவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தியேட்டரையே மூடி, நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்து, கட்டில் மெத்தை விற்கிற கடையாக்கிவிட்டார்கள். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேனாகப் போனார். டிவியில் குடைப்படம் போட்ட அன்றெல்லாம் அவருக்கு டியூட்டி இருக்கும். இல்லையென்றால் கரண்ட் இருக்காது.

மகள் ஆளாகி, மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் வீங்கிப் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை மாற்றிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கடைசியில், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சந்தோஷமா வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று டார்ச்சுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை முகம் பார்த்தவர்! வாட்ச்மேன் வேலையை அன்றைக்கே விட்டார்.

முதுகுக்கு மூன்று தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்தே இருந்தாள். ஒரு நாள் அவர் கஞ்சி ஊட்டும்போது கையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, குடைப்படம் பார்க்கலாமா?”

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பார்க்கலாம்மா. இப்பவே பார்க்கலாம்.”

“முழுசா. எழுந்திருக்கக் கூடாது.”

“உன் மேல சத்தியமா எழுந்திருக்க மாட்டேன்.”

மகள் மறுநாள் மத்தியானம் பென் டிரைவில் படத்தைக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் டிவி தெருக்கதவுக்குப் பக்கத்தில், ஒரு மேசை மேல் இருந்தது. வேறு இடம் கிடையாது. எதிர்ச் சுவரோரம் கட்டில். மகள் ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டாள். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். போகிற போக்கில் அப்பா தோளைத் தட்டி, “டார்ச் அடிக்காம ஒழுங்கா உட்கார்ந்து பாருங்கப்பா” என்றாள்.

அவர் கட்டிலில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய்விடுவார் என்ற பயம்! படம் ஓடியது. பழக்கதோஷம், அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க என்ன எழுதி ஒட்டியிருக்கா? அங்க பாருங்க.”

பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே ஆச்சரியம். மழையில் அந்தப் பெண் அவனைக் கூப்பிடும்போது தயங்கித்தான் கூப்பிடுகிறாள். வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த அவர் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். அதிலேயே அவள் கன்னம் சூடேறுவது தெரிந்தது.

“ஏம்மா, அது சிவப்புக் குடைதான்” என்றார்.

 அவள் பிடித்திருந்த மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினாள். மூச்சு சிறிதாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாலம் வந்தது. மழை கொட்டியது. அந்தப் பெண் நின்றாள். மழை மெல்ல மெல்ல விட்டது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

அவர் எழுந்துவிட்டார்.

எழுந்ததே அவருக்குத் தெரியாது. எத்தனை வருஷத்துக் கால்கள் அவை! மணிக்கட்டிலிருந்து அவள் விரல்கள் நழுவியதுகூடத் தெரியாமல் நேரே தெருக்கதவுக்குப் போய், தாழ்ப்பாளை விலக்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். அப்புறம்தான் உறைத்தது. டிவி அவருடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியவில்லை.

கட்டிலிலிருந்து அவள் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அட மனுஷா! போயிட்டீங்க பாருங்க!”

“இதோ வந்துட்டேன்மா, வந்துட்டேன்” என்று ஓர் அடி வைத்தார்.

“குறுக்க வராதீங்க. வரப்போறான்...” என்றாள். சொன்ன பிறகுதான், இத்தனை காலம் கட்டிக்காத்ததை உளறிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் திரைக்குப் போய்விட்டது.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நரைத்த தலை, ஒட்டிய கன்னம் ஒன்றும் தெரியவில்லை. சட்டைக் கம்பெனியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவள் மாதிரிதான் இருந்தாள். அவள் கண் அகன்றது. மோவாய் நடுங்கியது. பிறகு உதடு விரிந்து, கண்ணில் நீர் நிறைந்தது. ஓ, வந்துவிட்டான்! வந்தேவிட்டான். அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. கதவைப் பிடித்தபடி அவரும் சிரித்தார்.

இசை உயர்ந்து அடங்கியது. வெளிச்சம் குறைந்தது. அவள் முகம் மாறவில்லை. கண்ணில் நிறைந்திருந்த நீர் கன்னத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

எத்தனையோ காட்சிகளில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தவள்தானே! அவர் கட்டிலை நோக்கி நடக்கவில்லை. போனால் தெரிந்துவிடும். கதவடியிலிருந்தபடியே, மெதுவாக, பழைய குரலில் கூப்பிட்டார்.

“ஏம்மா. படம் முடிஞ்சிருச்சு. எழுந்திரிங்க.”

இன்னும் ஒரு நிமிஷம் என்று அவள் சொல்வதற்காக, மகள் மருந்தோடு திரும்பி வரும்வரை, அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.