அழிக்காத நான்கு கோடுகள்

தொட்டிக்காரரின் கைகள் நிற்கவில்லை. பிரஷ்ஷை ரெசின் பசையில் தோய்த்து, கார் உடலுக்கான அச்சுக்குள் விரித்த கண்ணாடி நார்ப்பாய்மீது குத்திக் குத்தி நனைத்தன. உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்கு விரட்டின. நீண்ட மூக்கு, ஒடுங்கிய இடுப்பு, சட்டென்று வெட்டி நிறுத்திய வால். அந்தக் காலத்தில் இத்தாலிக்காரர்கள் கட்டிய பந்தயக் கார்களைப் படத்தில் பார்த்துப் பார்த்து அவரே வரைந்த உருவம். கடைசிப் பாயையும் அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது, அச்சின் வெளிப்புறத்தில், இடது விளக்குக் குழிக்கு நேராக இருந்த நான்கு பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. உருளையைக் கீழே வைத்தார்.

ரெசின் வைப்பதற்கு முன் அச்சில் மெழுகு பூசித் துடைக்க வேண்டும். மெழுகில்லாத இடத்தில் வண்டியும் அச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். பூசிய இடமும் பூசாத இடமும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் வெளியே ஒரு கோடு போடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. இருபது வருடம் தண்ணீர்த் தொட்டிகளும் பேருந்து முகப்புகளும் செய்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

நேற்று அந்தக் குழியில் ஒரு சுருக்கத்தைப் பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உள்ளே மெழுகு போயிற்று. வெளியே கோடுகளை அழிப்பதற்குள் போன் வந்துவிட்டது. பேசிவிட்டு வந்து அவற்றை அழித்து, திரும்பப் பூசிப் புதிதாகக் கோடு போட்டாரா, அல்லது பழைய கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ரெசினைத் தொட்டுப் பார்த்தார். கெட்டித் தயிராகியிருந்தது. இனி வழித்தெடுக்க முடியாது.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?” வண்டிக்கு சீட் உறை தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

“இடது கண்ணுக்கு மெழுகு போட்டேனா இல்லையான்னு தெரியல.”

“கேஸை அணைச்சேனான்னு நான் பாதி வழியில திரும்பி வந்தா மட்டும் அப்படிச் சிரிப்பீங்க!”

அவர் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது. “போட்டிருப்பீங்க. கை தானா போட்டிருக்கும்.”

காய இரண்டு நாள். சோறு இறங்கவில்லை. பழைய சின்னக் காரின் எஞ்சினும் சக்கரமும், மேலே லேசான ஃபைபர் உடல். ஒரே அச்சில் பத்து வண்டி வார்த்தால்தான் சாதாரண மனிதர்களும் வாங்குகிற விலைக்கு இறங்கும். அச்சு போனால் எல்லாம் போச்சு.

மறுநாள், முதல் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்த பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தொட்டிக்காரரே, அச்சுக்குள்ள நம்ம வண்டி மாப்பிள்ளை எழுந்தாச்சா?”

“தூங்குறாருண்ணே.”

“சீக்கிரம் எழுப்புங்க. இத்தனை வருஷமா நீங்க செஞ்ச மூஞ்சியைப் பஸ்ஸுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டு ஊர் ஜனத்தையெல்லாம் ஏத்தி இறக்கியாச்சு. முப்பதாம் தேதி கடைசி டூட்டி. அன்னைக்கு டெப்போவிலிருந்து நானும் வீட்டுக்காரியும் மட்டும், இந்த வண்டியில. அவ தெரு முழுக்கச் சொல்லி வச்சிட்டா.”



மூன்றாம் நாள் காலை விளிம்பில் மர ஆப்புகளைச் செருகி, இடுக்கில் தண்ணீர் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினார். வால் ‘டப்’பென்று விட்டது. இடுப்பு விட்டது. வலது கண்ணும் விட்டது. இடது கண் அசையவில்லை. தட்டினால் மொத்தென்ற சத்தம்தான். மெழுகு போடவில்லை.

வண்டியின் உடலைப் பிய்த்தால் அச்சைத் தேற்றிவிடலாம். ஆனால் அதைச் சரிசெய்து, மறுபடி வார்த்து, பூட்டி, பெயின்ட் அடிக்க முப்பதாம் தேதிக்குள் முடியாது. அச்சை வெட்டினால் வண்டி பிழைக்கும். அச்சு எடுத்த மண் உருவமோ அன்றைக்கே உடைந்து குப்பைக்குப் போயிருந்தது.

“எதை வெட்டப் போறீங்க?” என்றாள் மனைவி.

“அண்ணனுக்குக் கடைசி டூட்டி ஒரு தடவைதானே.”

எட்டு மாத உழைப்பான அச்சைத் துண்டு துண்டாக அறுத்தார். அவள் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து இறக்கி வைத்தாள்.

முப்பதாம் தேதி மாலை, டெப்போ வாசலில் கரும்பச்சை வண்டி நின்றது. சீருடையோடு வெளியே வந்த ஓட்டுநர் அதை இரண்டு சுற்று சுற்றினார். அவர் மனைவி ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்காரர் சாவியை நீட்டினார், விரல்கள் விடவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அச்சு உடைஞ்சு போச்சு. இனிமே இந்த வண்டிதான் அசல். அடுத்த மாசம் பத்து நாள் கொடுத்தீங்கன்னா, இது மேலயே புது அச்சு எடுத்துடுவேன்.” சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது.

ஓட்டுநர் வண்டியைப் பார்த்தார். “புது வண்டியைத் திருப்பிக் கேக்குறீங்களே...”

“கொடுப்போம்,” என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி. “நான் சீட் உறை பார்க்க வந்தப்பவே உங்க வீட்டம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஆனா இந்தத் தடவை மெழுகு போடும்போது நான் பக்கத்துலயே நிப்பேன்.”

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார்.

“இடது கண்ணுப் பக்கம் மட்டும் எங்கேயும் உரசிடாதீங்கண்ணே,” என்று ஈரச் சாவியை அதில் வைத்தார் தொட்டிக்காரர்.