வருத்தம் அவருக்கு, வகுப்பு எனக்கு

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வகுப்பு எடுக்கிறார்கள். ஒருமுறை பிரஷர், ஒருமுறை கிட்னி, ஒருமுறை சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. நான் ஒன்றையும் விட்டதில்லை. இத்தனைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சீனி வருத்தம் என் கணவருக்கு. அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டு, எதிரே நிற்கும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

உள்ளே இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கும் இதே கதைதான். கதிரைகளில் பெண்கள், மரத்தடியில் நோயாளிகள். அவர்கள் அங்கே குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மல்லாவியில் நெல் என்ன விலைக்குப் போகிறது என்று அலசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உள்ளே இருந்து அவர்களுடைய சிறுநீரகங்களைப் படத்தில் பார்த்துக்கொண்டிருப்போம்.

உள்ளே வந்து இருந்தால் என்ன என்று பலமுறை கேட்டுவிட்டேன். நீர் கேட்டு வந்து சொல்லும், இரண்டு பேரும் கேட்டு என்ன செய்கிறது என்பார். சரி என்று வீட்டுக்கு வந்து சொல்லத் தொடங்கினால், முதலில் சோற்றைப் போடும் என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது என் வீட்டில் பழமொழி இல்லை, தினசரி நடப்பு.

கிளினிக்கில் அவருக்கு நல்ல பெயர். அதுதான் எனக்குப் பொறுக்காது. கிளினிக் நாளுக்கு முன் இரண்டு நாள் மனிதர் வாயைக் கட்டிவிடுவார். குரக்கன் புட்டும் முருங்கை இலையும்தான் சாப்பாடு, தேத்தண்ணியில் சீனி கிடையாது. இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஐயா நல்ல கட்டுப்பாடாக இருக்கிறார் என்று அங்கே மெச்சுவார்கள். திரும்பி வரும் வழியிலேயே கடையில் நிறுத்தி, சீனி போட்டுப் பொரித்த வாய்ப்பன் இரண்டு சாப்பிடுவார். இவர் மட்டுமில்லை, அந்த வேப்பமரம் முழுக்க இப்படித்தான். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி, கடைசி நேரத்தில் பட்டினி கிடந்து பாஸ் பண்ணுகிறவர்கள்.

போன மாரியில் ஒருநாள் வயலால் வந்தவர் ஒரு காலில் செருப்போடும் மற்றக் காலில் வெறுங்காலோடும் குசினி வரைக்கும் வந்து நின்றார். கழன்ற செருப்பு வாசல் படலையடியில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்ததும் இப்படி உணர்ச்சி செத்துத்தான். முன்பெல்லாம் இந்த மண்ணில் கால் போக ஷெல், மிதிவெடி என்று வேறு காரணங்கள் இருந்தன. அதெல்லாம் தப்பி நடந்து வந்த கால் வாய்ப்பனுக்குப் போவதா என்று நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து காலைக் காட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என்னுடைய காலை எனக்குத் தெரியாதா என்று மடக்கி வைத்துக்கொள்வார்.

அடுத்த வகுப்பு கால் பராமரிப்பு என்றதும் நான் முதல் வரிசையில் போய் இருந்தேன். ஊரைக் கூப்பிடுவதற்காக ஒரு ஒலிபெருக்கியை அந்த வேப்பமரத்திலேயே கட்டியிருந்தார்கள். விளக்கேற்றினார்கள், வரவேற்றார்கள், தலைமையுரை நடந்தது, சிறப்புரை நடந்தது. கடைசியில் டொக்டருக்கு, அவர் ஓர் இளம் பெண், மிஞ்சியது கொஞ்ச நேரம். அதற்குள் அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஓடி ஓடிப் படம் காட்டினார். முதல் படத்தில் பாதத்தில் சின்னச் சிவப்பு. இரண்டாவதில் விளிம்பு கறுத்த காயம். மூன்றாவதில் விரல் இல்லை. கடைசிப் படத்தில் பாதமே இல்லை. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியில் பாருங்கள், நோகவில்லை என்று விட்டுவிடாதீர்கள், உணர்ச்சி செத்த கால் நோகாது என்றார். நாங்கள் எல்லோரும் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தோம். நல்ல கால்கள். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

கேள்வி இருக்கிறதா என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டார். நான் எழும்பினேன். மைக்கைக் கையில் தந்தார்கள். ஜன்னலால் பார்த்தால், என் மனிதர் மரத்தடியில் கச்சான் உடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"டொக்டர், எங்களிட்டக் கேள்வி இல்லை. வருத்தக்காரர் எல்லாம் வெளியில இருக்கினம்" என்றேன்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"வேப்பமரத்துக்குக் கீழ இருக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். கிளினிக்குக்கு முதல் ரெண்டு நாள் பட்டினி கிடந்து டொக்டரைப் பேய்க்காட்டலாம், காலைப் பேய்க்காட்ட ஏலாது. செருப்புக் கழண்டது தெரியாமல் குசினி வரைக்கும் வந்த ஒராள் உங்களுக்குள்ள இருக்கிறார். கண்ணாடியில உள்ளங்காலைப் பாருங்கோ."

அவர்களுடைய தலைக்கு மேலிருந்து என் குரல் இறங்கியது. மண்டபம் சேலைத் தலைப்புக்குள் சிரித்தது. பட்டினிக் கதை உண்மையா என்று டொக்டர் என்னிடம் கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒருவர் மைக்கை வாங்கி நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். அது சிறப்புரையை விட நீளம்.

திரும்பும் வழியில் அவர் ரோட்டில் இருந்த ஒரு கிடங்கு பள்ளத்தையும் தப்பவிடாமல் ஓட்டினார். வீட்டுக்கு வந்து இறங்கியதும், நீர் என்னை ஊருக்குள் தலை காட்ட முடியாமல் செய்துவிட்டீர் என்று மட்டும் சொன்னார். நானும் விடவில்லை. தலையைக் காட்ட வேண்டாம், காலைக் காட்டுங்கள் என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

பொழுதுபடும் நேரம் முற்றத்தைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடையில் வைத்து, சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் நான் காதுக்குள் சொல்லிக் கேட்காததை ஒலிபெருக்கி கேட்கவைத்துவிட்டதே என்று நினைத்தேன். ஆனால் அவர் கண்ணாடியைத் திருப்புவதை நிறுத்திவிட்டார். காலை இறக்கவும் இல்லை.

"இஞ்சேரும், ஒருக்கா வாரும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு முள் முறிந்து உள்ளே நின்றது. சுற்றி வர விளிம்பு கறுத்திருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். தெரியாது என்றார். நிலத்தில் இருந்துகொண்டு அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். அது இரண்டாவது படம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகேல்லையப்பா. நோகாட்டி நல்லதுதானே?" என்று கேட்டார்.

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. வகுப்புக்குப் போனது நான்.